பட்டி ஒழுங்கமைப்பு (பயனர் இடைமுகம்)

பட்டி ஒழுங்கமைப்பு என்பது ஒரு மென்பொருள் தன் பயனருக்கு வழங்கும் கட்டளைகளைத் தொகுத்து, பெயரிட்டு, வரிசைப்படுத்தி, திரையில் அவற்றுக்குரிய இடத்தைத் தீர்மானிக்கும் பணி ஆகும். பட்டி என்பது மெனு என்ற பெயரிலும் பரவலாக அறியப்படுகிறது. உணவகத்தில் கிடைக்கும் உணவுகளைக் காட்டும் அட்டையைப் போல, கணினியில் செய்யக்கூடிய செயல்களைப் பட்டியலிட்டுக் காட்டுவதால் இப்பெயர் அமைந்தது.

பட்டியின் அடிப்படைப் பயன் நினைவுச் சுமையைக் குறைப்பதாகும். கட்டளை வரி இடைமுகத்தில் பயனர் ஒவ்வொரு கட்டளையின் பெயரையும் எழுத்துப்பிழையின்றி நினைவில் வைத்திருக்க வேண்டும். பட்டியில் அவர் நினைவுகூரத் தேவையில்லை. கண்டு, இதுதான் என்று அறிந்து, தெரிந்தெடுத்தால் போதும். ஆனால் இப்பயன் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. தேடும் கட்டளை எந்தத் தலைப்பின் கீழ் இருக்கும் என்பதைப் பயனரால் ஊகிக்க முடியாவிட்டால் பட்டி இருந்தும் இல்லாததே ஆகும். எனவே பட்டி ஒழுங்கமைப்பு, மென்பொருளின் உள்ளமைப்பைக் காட்டிலும் பயனரின் வேலை முறையையும் பழக்கத்தையும் சார்ந்து அமைய வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கையாகக் கருதப்படுகிறது.

வரலாறு

1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்ட சுமால்டாக் சூழலில், சுட்டியின் பொத்தானை அழுத்தியதும் தோன்றும் துள்ளு பட்டிகள் இடம்பெற்றன. அதே நிறுவனம் 1981 இல் வெளியிட்ட ஸ்டார் கணினி, நகர்த்து, நகலெடு, நீக்கு போன்ற பொதுக் கட்டளைகளுக்கு விசைப்பலகையிலேயே தனி விசைகளை வழங்கியது.

திரையின் மேற்புறத்தில் நிலையாக இருக்கும் பட்டிப்பட்டையும், அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் பட்டிகளும் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியில் (1983) வணிக அளவில் அறிமுகமாயின. இவற்றின் உருவாக்கத்தில் பில் அட்கின்சன் முதன்மைப் பங்காற்றினார். 1984 இல் வெளிவந்த மாக்கின்டோஷ் இம்முறையைப் பரவலாக்கியது. எல்லாச் செயலிகளும் "கோப்பு", "திருத்து" ஆகிய பட்டிகளை ஒரே இடத்தில், ஒரே வரிசையில் கொண்டிருக்க வேண்டும் என்று ஆப்பிள் தன் வழிகாட்டி நூல்களில் அறிவுறுத்தியது. ஒரு செயலியைக் கற்றவர் அடுத்த செயலியைப் பாதி கற்றவராக இருப்பார் என்பதே இதன் நோக்கம்.

1987 இல் ஐபிஎம் நிறுவனம் பொதுப் பயனர் அணுக்கம் என்ற தர வரையறையை வெளியிட்டது. இதன் தாக்கம் விண்டோஸ் இயங்குதளத்திலும் பின்னர் லினக்ஸ் பணிமேடைகளிலும் காணப்படுகிறது. இடது ஓரத்தில் "கோப்பு", வலது ஓரத்தில் "உதவி" என்னும் அமைப்பு பல தலைமுறைப் பயனர்களுக்குப் பழகிப்போனது.

பட்டி வரிசையும் ஒரு வழக்கும்

பட்டியின் வரிசை பயனரின் அறிவில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் சிறந்த சான்றாகும். 1983 இல் வெளிவந்த இம்மென்பொருளில் சாய்கோட்டு விசையை அழுத்தினால் திரையின் மேற்பகுதியில் பட்டி தோன்றும். ஒவ்வோர் உருப்படியையும் அதன் முதல் எழுத்தால் தெரிந்தெடுக்கலாம். நாள்தோறும் பயன்படுத்திய கணக்காளர்கள் திரையைப் பார்க்காமலேயே எழுத்துகளைத் தொடராகத் தட்டி வேலையை முடித்தனர். அதே எழுத்துத் தொடர்களைக் கொண்டு குறுநிரல்களையும் எழுதிச் சேமித்து வைத்தனர்.

போர்லண்ட் நிறுவனம் தனது குவாட்ரோ விரிதாளில் லோட்டஸின் பட்டிப் படிநிலையை அப்படியே வழங்கியது. லோட்டஸின் நிரலை அது நகலெடுக்கவில்லை. கட்டளைகளின் சொற்களையும் அவற்றின் அடுக்கையும் மட்டுமே பின்பற்றியது. 50க்கும் மேற்பட்ட பட்டிகளிலும் துணைப்பட்டிகளிலும் அடங்கிய 469 கட்டளைகள் இவ்வழக்கின் பொருளாயின. 1990 இல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. 1995 இல் அமெரிக்காவின் முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பட்டிப் படிநிலை என்பது மென்பொருளை "இயக்கும் முறை" என்றும், அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றும் தீர்ப்பளித்தது. அதனை நிகழ்படக் கருவியின் பொத்தான்களோடு நீதிமன்றம் ஒப்பிட்டது. 1996 சனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4-4 எனச் சமமாகப் பிரிந்ததால் அத்தீர்ப்பு நிலைபெற்றது.

வடிவமைப்பாளர்களுக்கு இவ்வழக்கு உணர்த்தும் செய்தி சட்டத்திற்கு அப்பாற்பட்டது. பட்டியை நிறுவனம் உருவாக்கினாலும், அதைக் கற்கும் உழைப்பு பயனருடையது. வரிசையை மாற்றும்போது அவ்வுழைப்பு வீணாகிறது.

பட்டிகளின் வகைகள்

- கீழ்விரி பட்டி: பட்டிப்பட்டையில் உள்ள தலைப்பைச் சொடுக்கும்போது கீழ்நோக்கி விரிவது. செயலியின் கட்டளைகள் அனைத்தையும் ஒருவர் உலவிப் பார்த்து அறிய இது உதவுகிறது.
- சூழல் பட்டி: சுட்டியின் வலது பொத்தானைச் சொடுக்கும்போது, சொடுக்கிய பொருளுக்கு உரிய கட்டளைகளை மட்டும் காட்டுவது. இது விரைவானது. ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருப்பதால், ஒரு கட்டளை சூழல் பட்டியில் மட்டும் இருப்பது பிழையான வடிவமைப்பாகும்.
- துணைப்பட்டி: ஓர் உருப்படியிலிருந்து பக்கவாட்டில் விரிவது.
- வட்டப் பட்டி: உருப்படிகளை ஒரு மையத்தைச் சுற்றி வட்டமாக அடுக்குவது. 2000 இல் வெளிவந்த தி சிம்ஸ் விளையாட்டில் இது பயன்படுத்தப்பட்டது.
- நாடா: கட்டளைகளைத் தத்தல்களாகப் பிரித்து, படவுருக்களோடு கிடைமட்டமாகக் காட்டுவது. மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2007 மூலம் பரவலானது.

அகலமும் ஆழமும்

ஒரு மட்டத்தில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கை பட்டியின் அகலம் என்றும், கட்டளையை அடையக் கடக்க வேண்டிய மட்டங்களின் எண்ணிக்கை ஆழம் என்றும் அழைக்கப்படும். 64 கட்டளைகளை ஒரே பட்டியில் அடுக்கலாம். மட்டத்துக்கு எட்டாக இரண்டு மட்டங்களிலும், நான்காக மூன்று மட்டங்களிலும், இரண்டாக ஆறு மட்டங்களிலும் அடுக்கலாம். இந்நான்கு அமைப்புகளையும் டுவைட் மில்லர் 1981 இல் சோதனை மூலம் ஒப்பிட்டார். மட்டத்துக்கு எட்டு உருப்படிகள் கொண்ட இருமட்ட அமைப்பே சிறந்ததாக விளங்கியது. 1985 இல் லாண்டவர், நாக்பார் ஆகியோர் 4096 உருப்படிகளைக் கொண்டு தொடுதிரையில் செய்த ஆய்விலும், மட்டங்கள் குறைந்து அகலம் கூடியபோது தேர்வு விரைவாக நடந்தது.

இதற்கான காரணம் எளிதானது. ஒவ்வொரு மட்டத்திலும் பயனர் ஒரு முடிவு எடுக்க வேண்டியுள்ளது. மேல்மட்டத்தில் உள்ள தலைப்புகள் பொதுவானவை. "கருவிகள்", "விருப்பங்கள்", "மற்றவை" போன்ற சொற்களுக்குள் என்ன உள்ளது என்பதை அவற்றின் பெயர் சொல்வதில்லை. அங்கே தவறான கிளையில் நுழைந்துவிட்டால் அடுத்தடுத்த மட்டங்களில் எவ்வளவு கவனமாகத் தேடினாலும் பயனில்லை. திரும்பி வந்து மீண்டும் தொடங்க வேண்டும். கீழ்மட்டத்தில் உள்ள உருப்படிகளோ குறிப்பானவை. அவற்றைப் படித்துத் தள்ளுவது எளிது.

பட்டியில் ஏழு உருப்படிகளுக்கு மேல் இருத்தல் கூடாது என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகிறது. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956 இல் வெளியிட்ட "ஏழு, இரண்டு கூட்டியோ குறைத்தோ" என்னும் கட்டுரை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. இது தவறான பயன்பாடாகும். மில்லரின் கட்டுரை குறுங்கால நினைவு முதலிய மனித ஆற்றல்களின் எல்லையைப் பற்றியது. பட்டியிலோ உருப்படிகள் கண்முன்னே உள்ளன. அவற்றை நினைவில் தாங்க வேண்டிய தேவையில்லை. நன்கு தொகுக்கப்பட்ட பதினைந்து உருப்படிகள், தொகுக்கப்படாத ஏழு உருப்படிகளைக் காட்டிலும் எளிதாக இருக்கக்கூடும்.

வரிசை முறைகள்

உருப்படிகளைப் பல வகைகளில் வரிசைப்படுத்தலாம்.

- அகரவரிசை: தேடும் பொருளின் சரியான பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்கும் இடங்களுக்குப் பொருந்தும். எழுத்துருக்கள், நாடுகள், ஊர்கள் ஆகியவற்றின் பட்டியல்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள்.
- பொருள்வழித் தொகுப்பு: ஒத்த பணியைச் செய்பவை அருகருகே அமைவது. வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பது இவ்வகை.
- பணி வரிசை: வேலை நடக்கும் ஒழுங்கில் அமைவது. கோப்புப் பட்டி "புதிது", "திற" ஆகியவற்றில் தொடங்கி, "சேமி", "அச்சிடு" வழியாக "வெளியேறு" என்பதில் முடிவது இதன்பாற்படும்.
- மரபு வரிசை: உலகம் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு உள்ளவற்றுக்கு அதையே பின்பற்றுவது. மாதங்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது பொருந்தாது.
- பயன்பாட்டு வரிசை: அடிக்கடி பயன்படுபவை மேலே அமைவது.

இவற்றுள் எது சிறந்தது என்பது பயனருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. 1983 இல் மெக்டொனால்டு, ஸ்டோன், லீபெல்ட் ஆகியோர் நடத்திய ஆய்வில், பங்கேற்றவர்களில் சிலருக்குத் தேட வேண்டிய சொல்லே தரப்பட்டது. சிலருக்கு அச்சொல்லின் பொருள் விளக்கம் மட்டும் தரப்பட்டது. விளக்கத்தை மட்டும் பெற்றவர்களுக்குப் பொருள்வழித் தொகுப்பே பெரிதும் உதவியது. மென்பொருளைப் புதிதாகக் கற்பவரின் நிலையும் இதுவே. தனக்கு என்ன நடக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அம்மென்பொருள் இட்ட பெயர் தெரியாது. எனவே பொதுக் கட்டளைகளுக்குப் பொருள்வழித் தொகுப்பும், பெயர்ப் பட்டியல்களுக்கு அகரவரிசையும் பரிந்துரைக்கப்படுகின்றன.

தொகுப்புகளுக்கு இடையே மெல்லிய பிரிகோடு இடுவது வழக்கம். ஒரு நீண்ட பட்டியை மூன்று நான்கு சிறு கூட்டங்களாகக் கண் உணர்வதற்கு இக்கோடு உதவுகிறது.

இடம் மாறாமை

அடிக்கடி பயன்படும் கட்டளைகளைக் கணினியே கண்டறிந்து மேலே கொண்டுவந்தால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2000 இதைச் செய்து பார்த்தது. அதன் பட்டிகள் முதலில் சுருங்கிய வடிவில் தோன்றின. அரிதாகப் பயன்பட்ட உருப்படிகள் மறைக்கப்பட்டன. சற்றுக் காத்திருந்தாலோ கீழே உள்ள அம்புக்குறியைச் சொடுக்கினாலோ முழுப் பட்டி விரிந்தது. விளைவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. நேற்று ஐந்தாவதாக இருந்த உருப்படி இன்று மூன்றாவதாகவோ காணாமலோ போனது. ஒவ்வொரு முறையும் பட்டியைப் புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. ஆபிஸ் 2007 இல் முதன்மைச் செயலிகள் நாடாவுக்கு மாறியபோது இம்முறை அவற்றிலிருந்து நீங்கியது.

1989 இல் மிச்செல், சினைடர்மன் ஆகியோர் வெளியிட்ட ஒப்பீட்டிலேயே, தாமாக இடம் மாறும் பட்டிகளைக் காட்டிலும் நிலையான பட்டிகளைப் பயனர்கள் விரும்பினர் என்பது தெரியவந்திருந்தது. பழகிய பயனர் பட்டியைப் படிப்பதில்லை; கை தானாக அவ்விடத்துக்குச் செல்கிறது. தினமும் புழங்கும் சமையலறையில் உப்பு இருக்கும் இடம் போன்றது அது. யாரேனும் நல்லெண்ணத்தோடு அதை இடம் மாற்றி வைத்தாலும் தேட வேண்டியவர் சமைப்பவரே.

இதற்கு மாற்றாகப் பிளவுப் பட்டி என்ற முறை உள்ளது. இதில் அடிக்கடி பயன்படும் சில உருப்படிகள் மட்டும் மேற்பகுதியில் தனியாகக் காட்டப்படும். கீழ்ப்பகுதியின் ஒழுங்கு மாறாது. சியர்சு, சினைடர்மன் ஆகியோர் 1994 இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறை தேர்வு நேரத்தைக் குறைத்தது. சொற்செயலிகளில் அண்மையில் பயன்படுத்திய எழுத்துருக்கள் மேலேயும், முழு அகரவரிசை கீழேயும் காட்டப்படுவது இவ்வகையைச் சேர்ந்தது.

நாடாவை வடிவமைக்கும்போது மைக்ரோசாப்ட், வேர்டு 2003 பயனர்களின் பயன்பாட்டுத் தரவைத் திரட்டியது. ஒட்டு, சேமி, நகலெடு, மீள், தடித்த எழுத்து ஆகிய ஐந்து கட்டளைகள் மட்டும் மொத்தப் பயன்பாட்டில் சுமார் 32 விழுக்காடாக இருந்தன. ஒட்டு என்னும் கட்டளை தனியாக 11 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. நாடாவின் முதல் தத்தலில் ஒட்டுப் பொத்தான் பெரிதாக அமைந்ததற்கு இதுவே காரணம். பயன்பாட்டுத் தரவை வடிவமைக்கும் காலத்தில் கருத்தில் கொள்வது வேறு, பயன்படுத்தும் காலத்தில் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது வேறு என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இதே காரணத்தால், அந்நேரத்தில் பயன்படுத்த இயலாத உருப்படியைப் பட்டியிலிருந்து நீக்காமல், மங்கலாகக் காட்டுவது மரபு. அக்கட்டளை உண்டு என்பதையும், இப்போது அது பொருந்தாது என்பதையும் பயனர் அறிந்துகொள்கிறார். மற்ற உருப்படிகளின் இடமும் மாறுவதில்லை.

தூரமும் அளவும்

பால் ஃபிட்சு 1954 இல் முன்வைத்த விதிப்படி, ஓர் இலக்கை அடைய ஆகும் நேரம் அதன் தூரம் கூடும்போது கூடுகிறது. இலக்கின் அளவு பெருகும்போது குறைகிறது. மாக்கின்டோஷின் பட்டிப்பட்டை திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருப்பதால், சுட்டியை வேகமாக மேலே தள்ளினாலும் அது விளிம்பைத் தாண்டுவதில்லை. அதனால் மெல்லிய பட்டையும் மிக உயரமான இலக்கைப் போலச் செயல்படுகிறது. சாளரத்துக்குள் இருக்கும் பட்டையில் பயனர் வேகத்தைக் குறைத்துச் சரியாக நிறுத்த வேண்டும்.

வட்டப் பட்டியில் எல்லா உருப்படிகளும் மையத்திலிருந்து சம தூரத்தில் உள்ளன. கலகன், ஹாப்கின்சு, வைசர், சினைடர்மன் ஆகியோர் 1988 இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு உருப்படிகள் கொண்ட வட்டப் பட்டி, நேர்ப் பட்டியை விடச் சுமார் 15 விழுக்காடு விரைவாக இருந்தது. எனினும் உருப்படிகள் பெருகும்போது வட்டத்தில் இடம் போதுவதில்லை.

துணைப்பட்டிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பக்கவாட்டில் விரிந்த துணைப்பட்டியின் கீழ் உருப்படியை நோக்கிச் சுட்டியைச் சாய்வாக நகர்த்தும்போது, அது வழியில் உள்ள வேறோர் உருப்படியின் மேல் செல்கிறது. உடனே துணைப்பட்டி மூடிவிடுகிறது. சுட்டி துணைப்பட்டியை நோக்கிய முக்கோணப் பகுதிக்குள் நகரும் வரை அதை மூடாமல் வைத்திருப்பது இதற்கான தீர்வுகளுள் ஒன்றாகும்.

ஆபத்தான கட்டளைகள்

திரும்பப் பெற இயலாத கட்டளைகள், அன்றாடக் கட்டளைகளுக்கு அருகில் அமைதல் கூடாது. விண்டோஸின் பல பதிப்புகளில் கோப்பின் சூழல் பட்டியில் "நீக்கு", "பெயர் மாற்று" ஆகியவை அடுத்தடுத்து அமைந்திருந்தன. கை சற்றே தவறினால் கோப்பு நீங்கிவிடும். மீட்புத் தொட்டி இருந்ததால் அத்தவறு பெரும்பாலும் இழப்பாக மாறவில்லை.

2018 சனவரி 13 அன்று காலை 8.07 மணிக்கு, அமெரிக்காவின் ஹவாய் மாநில மக்களின் கைப்பேசிகளுக்கு ஏவுகணைத் தாக்குதல் வருகிறது, இது பயிற்சி அன்று என்ற எச்சரிக்கை அனுப்பப்பட்டது. ஏவுகணை எதுவும் வரவில்லை. திருத்தச் செய்தி கைப்பேசிகளை அடைய 38 நிமிடங்கள் ஆயின. அந்நேரம் முழுவதும் மக்கள் உயிர் அச்சத்தில் தவித்தனர். பணி முறை மாறும் நேரத்தில் நடந்த ஒரு பயிற்சியின்போது, பணியாளர் ஒருவர் கீழ்விரி பட்டியிலிருந்து உண்மையான எச்சரிக்கைக்கான உருப்படியைத் தெரிந்தெடுத்து உறுதிசெய்திருந்தார். தாக்குதல் உண்மை என்று தாம் நம்பியதாக அவர் பின்னர் எழுத்து மூலம் தெரிவித்தார். எனவே இது வெறும் கைத்தவறு அன்று.

ஆயினும் அமெரிக்கக் கூட்டரசு தகவல் தொடர்பு ஆணையத்தின் விசாரணை மென்பொருளின் குறைகளையும் சுட்டிக்காட்டியது. சோதனை எச்சரிக்கையும் உண்மை எச்சரிக்கையும் ஒரே இடைமுகத்திலிருந்து அனுப்பப்பட்டன. அனுப்பலாமா என்று கேட்கும் உறுதிப்படுத்தல் செய்தி இரண்டுக்கும் ஒரே சொற்களைக் கொண்டிருந்தது. தனியொருவரே எச்சரிக்கையை அனுப்ப முடிந்தது. தவறான எச்சரிக்கை என அறிவிப்பதற்கான செய்தி முன்கூட்டியே ஆயத்தமாக வைக்கப்படவில்லை. இதிலிருந்து பெறப்படும் வடிவமைப்பு நெறிகள் பின்வருமாறு:

- சோதனைக்குரியதும் உண்மைக்குரியதும் ஒரே பட்டியில் கலத்தல் கூடாது.
- உறுதிப்படுத்தும் கேள்வி, என்ன நடக்கப்போகிறது என்பதைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். எல்லா இடங்களிலும் ஒரே கேள்வி கேட்கப்பட்டால் பயனர் அதைப் படிப்பதை நிறுத்திவிடுவார்.
- ஒரு செயலைச் செய்யும் வழி எவ்வளவு அருகில் உள்ளதோ, அதைத் திரும்பப் பெறும் வழியும் அவ்வளவு அருகில் இருக்க வேண்டும்.

பெயரிடலும் குறியீடுகளும்

உருப்படியின் பெயர் குறுகியதாகவும், பிற உருப்படிகளிலிருந்து முதல் சொல்லிலேயே வேறுபடுவதாகவும் இருக்க வேண்டும். கட்டளைகளுக்கு வினைச்சொல்லும், பண்புகளுக்குப் பெயர்ச்சொல்லும் பயன்படுத்துவது வழக்கம். கீழ்க்காணும் குறியீடுகள் பெரும்பாலான இயங்குதளங்களில் பொதுவானவை:

- பெயரின் இறுதியில் மூன்று புள்ளிகள்: கட்டளை நிறைவேறும் முன் மேலும் விவரம் கேட்கப்படும்.
- இடப்பக்கச் சரிக்குறி: அந்த அமைப்பு தற்போது இயங்குநிலையில் உள்ளது.
- வலப்பக்க அம்பு: துணைப்பட்டி உள்ளது.
- வலப்பக்கத்தில் எழுதப்பட்ட குறுக்கு விசை: பட்டியைத் திறக்காமலேயே கட்டளையை இயக்கும் வழி.

இறுதியாகச் சொல்லப்பட்ட குறுக்கு விசை, பட்டியை ஓர் ஆசிரியராகவும் ஆக்குகிறது. புதியவர் பட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விசையைக் காண்கிறார். நாளடைவில் பட்டியின் துணையின்றியே பணி செய்யப் பழகிவிடுகிறார்.

ஒழுங்கமைக்கும் முறை

பட்டி ஒழுங்கமைப்பில் பெரிதும் காணப்படும் பிழை, நிரலின் உள்ளமைப்பை அப்படியே பட்டியாக மாற்றுவதாகும். ஒரு நூலக மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் தரவுத்தளத்தில் நூல்கள், உறுப்பினர்கள், பரிமாற்றங்கள் என மூன்று அட்டவணைகள் உள்ளன எனில், நிரலாளர் அம்மூன்றையும் தலைப்புகளாக்கி, ஒவ்வொன்றின் கீழும் "சேர்", "திருத்து", "நீக்கு" என்று அடுக்கிவிடுவார். நூலகருக்கோ "பரிமாற்றத்தைச் சேர்" என்று ஒரு வேலை கிடையாது. அவர் நூலை வழங்குகிறார், திரும்பப் பெறுகிறார், தவணையை நீட்டிக்கிறார், தண்டத்தொகை பெறுகிறார். இந்நான்கும் ஒரே மேசையில், வரிசையில் நிற்கும் வாசகர் முன்னிலையில் நடப்பவை. எனவே இவை "வழங்கல்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வர வேண்டும். புதிய நூல்களைப் பதிவது பின்னறையில் அமைதியாக நடக்கும் வேலை. அது "நூற்பதிவு" என்ற தனித் தலைப்புக்குரியது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இருப்புச் சரிபார்ப்பும், தரவைக் காப்புப்பிரதியிலிருந்து மீட்பதும் "நிர்வாகம்" என்ற தலைப்பில் ஒதுங்கி நிற்கலாம்.

இத்தகைய தொகுப்பைக் கண்டறிய அட்டை அடுக்கல் என்ற எளிய முறை பயன்படுகிறது. ஒவ்வொரு கட்டளையும் ஓர் அட்டையில் எழுதப்பட்டு, வருங்காலப் பயனர்களிடம் தரப்படும். அவர்கள் ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கி, அடுக்குக்குப் பெயரிடுவர். பலரும் ஒன்றாகச் சேர்த்த அட்டைகள் ஒரே பட்டிக்குரியவை. ஆளுக்கு ஓர் இடத்தில் வைக்கப்பட்ட அட்டையின் பெயர் தெளிவற்றதாக இருக்கக்கூடும். பின்னர், உருவான படிநிலையைத் தாளில் மட்டும் காட்டி, "தவணையை நீட்டிக்க எங்கே செல்வீர்கள்?" என்பது போன்ற கேள்விகள் கேட்கப்படும். நிரல் எழுதும் முன்பே பிழைகளைக் கண்டறிய இது உதவுகிறது. இதற்கு மரச் சோதனை என்று பெயர்.

தமிழ் இடைமுகங்களில் பட்டி

குனோம், கேடீஈ, ஓப்பன் ஆபிஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களும் விண்டோஸும் தமிழாக்கப்பட்டபோது, பட்டி தொடர்பான சில தனிச் சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, அணுக்க விசை. ஆங்கிலப் பட்டியில் பெயரின் ஓர் எழுத்து அடிக்கோடிடப்பட்டிருக்கும். ஆல்ட் விசையுடன் அவ்வெழுத்தைத் தட்டினால் பட்டி திறக்கும். தமிழ் உயிர்மெய் எழுத்துகள் பலவற்றைத் தட்ட ஒன்றுக்கு மேற்பட்ட விசைகள் தேவை. அதனால் "கோப்பு" என்ற சொல்லின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்து ஒன்றைத் தரும் வழக்கம் குனோம் போன்றவற்றின் தமிழாக்கத்தில் ஏற்பட்டது. விசை மாறாததால் ஆங்கில இடைமுகத்தில் பழகியவர் தடுமாறுவதில்லை. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அவ்வெழுத்துக்கும் சொல்லுக்கும் தொடர்பு விளங்குவதில்லை.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் சொற்களைத் தனித்தனிச் சரங்களாகவே பெறுகிறார். அவை திரையில் எங்கே தோன்றும் என்பதைக் காண்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் வினையாகவும் பெயராகவும் நிற்கும். தமிழில் "காண்" என்பதும் "பார்வை" என்பதும் வெவ்வேறு சொற்கள். இதனால் ஒரே பட்டியில் "சேமி", "அச்சிடவும்", "மூடுதல்" என மூன்று வடிவங்கள் கலந்துவிடுவதுண்டு. ஏவல் வினையை எல்லா உருப்படிகளிலும் ஒரே சீராகப் பயன்படுத்துவது இடத்தையும் மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் குறியெண் வரிசையும் தமிழ் அகரவரிசையும் ஒன்றல்ல. மரபு வரிசையில் ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வருபவை, குறியெண்படி ர, ற, ல, ள, ழ, வ என்று அமைந்துள்ளன. ன என்பது ந என்ற எழுத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. குறியெண்ணை மட்டும் கொண்டு ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்தினால் பள்ளிகொண்டா, பழனி, பவானி என்று வரும். தமிழ் அகரமுதலி முறைப்படி இவ்வரிசை நேர் எதிரானது: பவானி, பழனி, பள்ளிகொண்டா. நீண்ட கீழ்விரி பட்டியில் தன் ஊரைத் தேடுபவர், அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைக் கண்டு, பட்டியலிலேயே இல்லை என்று முடிவு செய்துவிடக்கூடும். எனவே தமிழ் வரிசைமுறையை அறிந்த வரிசையாக்க நூலகங்களைப் பயன்படுத்துவது இன்றியமையாதது.

கைப்பேசிகளும் தேடலும்

கைப்பேசியின் சிறு திரையில் பட்டிப்பட்டைக்கு இடமில்லை. அதனால் மூன்று கிடைக்கோடுகள் கொண்ட படவுருவுக்குள் பட்டி மறைக்கப்படுகிறது. இப்படவுருவை ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வடிவமைத்தார். கண்ணில் படாதது கருத்திலும் படுவதில்லை என்பதால், முதன்மையான நான்கைந்து உருப்படிகளைத் திரையின் அடியில் வெளிப்படையாக வைத்து, எஞ்சியவற்றை மட்டும் மறைப்பது மேலானதாகக் கருதப்படுகிறது.

கட்டளைகள் பல நூறாகப் பெருகிய மென்பொருள்களில், பட்டியையே தேடும் வசதி வந்துள்ளது. 2007 இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ் 10.5 பதிப்பில், உதவிப் பட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் அச்சொல் கொண்ட உருப்படி எந்தப் பட்டியில் உள்ளது என்பது அம்புக்குறியால் காட்டப்பட்டது. பெயர் தெரிந்தவருக்கு இது பெரும் உதவியாகும். பெயர் தெரியாமல், தேவையை மட்டும் அறிந்து வருபவருக்கு உதவ, நன்கு தொகுக்கப்பட்டு இடம் மாறாமல் நிற்கும் பட்டியே இன்றும் தேவைப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- பயனர் இடைமுகம்
- கட்டளை வரி இடைமுகம்
- மனிதர்-கணினி இடைவினை
- ஃபிட்சு விதி
- மென்பொருள் தமிழாக்கம்